கலைதலும் கலைத்தலும்

தமிழிலக்கணம் பயிலத் தொடங்கும் மாணாக்கர் முதற்கண் அறியும் வேறுபாடுகளுள் தன்வினை பிறவினை என்பது ஒன்று. 'கரு கலைந்தது' என்பது தன்வினை. 'கருவைக் கலைத்தாள்' என்பது பிறவினை. நடுவே நிற்கும் மெல்லெழுத்து ஒன்று வல்லெழுத்தாகத் திரியும் அத்துணையே இரண்டிற்கும் உள்ள வேற்றுமை. ஏட்டில் இவ்வேற்றுமையைப் பிழைபட எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையாற் சுழிப்பார். வீட்டிலும் தெருவிலும் இதனைப் பிழைபடச் சொல்வாரைச் சுழிப்பார் எவருமிலர். இரண்டு திங்களோ மூன்று திங்களோ சுமந்த கருவை இழந்து ஒரு பெண் படுத்திருக்கும்போது, அவளைப் பார்க்க வருவோர் வாயிற்படியைத் தாண்டுமுன்னரே மெல்லினம் வல்லினமாகிவிடுகின்றது. மாடிப்படி ஏறினாள், தண்ணீர்க்குடம் தூக்கினாள், பப்பாளி தின்றாள், வண்டியிற் சென்றாள் என்று ஒரு வினையும் ஒரு வினைமுதலும் தேடிக் கண்டுபிடிக்கப்படுகின்றன. இழப்பு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் நேருமாயின், வினையும் வேண்டப்படுவதில்லை. 'கருத் தங்காதவள்' என்னும் பெயரே போதுமானதாகின்றது.

இத்தகைய பொருளைக் கல்லூரி இதழில் எழுதுதல் தகுமோ என்று ஐயுறுவாரும் உளர். யாம் மருத்துவம் கற்றேமல்லேம். சொற்களைக் கற்பதே எம் தொழில். ஆயினும் தவறான சொல் ஒன்று ஒரு குடும்பத்தையே அழச்செய்யும் இடத்தில், சொல்லைக் கற்பவர் வாய் மூடியிருத்தல் நாணமாகாது, கடமை தவறுதலாம் என்பது எம் கருத்து. திருமறையில் அன்னாளின் வரலாற்றை வாசித்தோர், ஆலயத்தில் உதடு மட்டும் அசைய வேண்டிக்கொண்டிருந்த அவளை, ஆசாரியனாகிய ஏலியே குடிவெறி கொண்டவளென்று தவறாக எண்ணினான் என்பதை அறிவர். அவள் கருவுறாத துயரினள். நாம் பேச எடுத்துக்கொண்டவரோ கருவுற்றும் இழந்தவர். எனினும் துயரை வெறியெனக் கொள்ளும் பிழை இரண்டிடத்தும் ஒன்றே. ஏலிக்காவது தன் பிழை உடனே தெரிந்தது.

முதலில் இவ்விழப்பு எத்துணைப் பரந்ததென்பதைக் காண்போம். 2021-ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரைத்தொடரில், உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் கருச்சிதைவுகள் நிகழ்கின்றன என்று மதிப்பிடப்பட்டது. அஃதாவது நிமிடத்திற்கு 44. கருவுற்றமை அறியப்பட்டவற்றுள் நூற்றுக்கு 15 இவ்வாறு முடிகின்றன. ஒருமுறை இழந்த பெண்டிர் நூற்றுக்கு 11 பேர். இருமுறை இழந்தவர் நூற்றுக்கு 2 பேர். மூன்றோ அதற்கு மேலோ இழந்தவர் நூற்றுக்கு ஒருவரினும் குறைவு. ஒருவரினும் குறைவென்றவுடன் சிறிதென்று எண்ணற்க. ஆயிரம் பெண்டிர் வந்து வழிபடும் ஒரு திருவிழாக் கூட்டத்தில் அத்தகையார் ஏழு பேர் அமர்ந்திருப்பர். அவர்தம் துயர் அருகிலிருப்பார்க்கும் தெரிந்திராது.

இவ்விழப்புகளிற் பாதியளவு, கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் நேர்ந்த பிழையால் விளைவன. அப்பிழை பெரும்பாலும் முட்டை உருவாகும்போதே நேர்ந்துவிடுகின்றது. அதற்குப் பின்னர்த் தின்ற பப்பாளியும் தூக்கிய குடமும் முன்னரே முடிந்துபோன ஒன்றை எங்ஙனம் மாற்றும்? எஞ்சியவற்றுக்கு வேறு காரணங்கள் சில தெரிந்துள்ளன: குருதி உறைதலைத் தூண்டும் ஒருவகை எதிர்ப்பொருள், தைராய்டுச் சுரப்பியின் கோளாறு, கருப்பையின் நடுவே தடுப்புச் சுவர் அமைந்திருத்தல், பெற்றோரில் ஒருவரது குரோமோசோமின் இடமாற்றம் முதலியன. இவற்றுள் எதுவும் இல்லையென்று சோதனைகள் காட்டியும் மீண்டும் மீண்டும் இழப்பவர் பலர். அவரைக் குறித்தே யாம் இங்குப் பேசுவது. அவர்தம் கருப்பையின் உட்படலம், அஃதாவது மருத்துவர் எண்டோமெட்ரியம் என வழங்கும் மெல்லிய படலம், இப்போது ஆராய்ச்சியாளரின் கவனத்தை ஈர்த்துள்ளது.

இப்படலத்தின் இயல்பு வியக்கத்தக்கது. மாதவிடாய் முடிந்தபின் சில மில்லிமீட்டர் கனமே உடையதாக இருக்கும் இது, இரண்டு வாரத்திற்குள் தழைத்து ஏறத்தாழப் பத்து மில்லிமீட்டர் அளவிற்குத் தடித்து, கரு வாராதபோது குருதியோடு உதிர்ந்து, மறுபடியும் வடுவின்றித் தளிர்க்கின்றது. ஒரு பெண்ணின் வாழ்நாளில் ஏறத்தாழ 400 முறை இவ்வாறு நிகழும். உடலின் பிற உறுப்புகள் பலவற்றிற் புண் இவ்வாறு வடுவின்றி ஆறுவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லியம் ஹன்டர் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு உடற்கூற்று அறிஞர், கருவுற்ற கருப்பையைச் சூழ்ந்த இப்படலத்திற்கு 'உதிர்வது' என்னும் பொருள்படும் இலத்தீன் பெயரை வழங்கினார். இலையுதிர்க்கும் மரங்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அவ்வேர்ச்சொல்லினின்றே பிறந்தது. ஆதலின் நாமும் இதனை உதிர்படலம் எனலாம்.

விலங்குகள் பலவற்றில், கரு வந்து தொட்ட பின்னரே கருப்பை இவ்வாறு மாறத் தொடங்கும். எலியில் அஃதே முறை. மனிதரிலும், வாலில்லாக் குரங்குகளிலும், வௌவால் இனங்கள் சிலவற்றிலும், வேறு சிலவற்றிலும் மட்டுமே கருவிற்குக் காத்திராது, முட்டை வெளிவந்த பின் சுரக்கும் புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் ஏவலால் படலம் தானே மாறுகின்றது. விருந்தினர் வருவாரோ வாராரோ, மாதந்தோறும் இலை போடப்படுகின்றது. மாதவிடாய் உண்டாவதும் இதனாலேயே. ஏன் இங்ஙனம்? மனிதக் கருக்களிற் குரோமோசோம் பிழையுடையவை மிகப் பலவாதலின், வரும் கருவை ஏற்குமுன் சோதித்தற்பொருட்டு இவ்வாயத்தம் அமைந்தது என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். இக்கருத்து எமக்கும் ஏற்புடையதாகவே தோன்றுகின்றது. ஏனெனில் பின்வரும் செய்திகள் இதனோடு இயைகின்றன.

ஊசிமுனையளவினதாகிய கரு, கருப்பைக்கு வந்து படலத்திற் பதிவதற்குரிய காலம் மிகக் குறுகியது. 1999-இல் அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸும் உடனுழைத்தோரும் வெளியிட்ட ஆய்வில், 189 கருவுறுதல்கள் நாள்தோறும் கணிக்கப்பட்டன. முட்டை வெளிவந்த ஒன்பதாம் நாளுக்குள் பதிந்த கருக்களில் நூற்றுக்கு 13 விரைவில் அழிந்தன. பத்தாம் நாள் பதிந்தவற்றில் 26. பதினொன்றாம் நாள் பதிந்தவற்றில் 52. அதற்கும் பிற்பட்டுப் பதிந்தவற்றில் 82. ஒரு நாள் தாழ்த்தால் இடர் இரட்டிக்கின்றது. வாயில் மூடுநேரத்திற்குப் பின் வந்த கரு வலுவற்றதாதலின் தாழ்ந்ததோ, தாழ்ந்தமையின் வலுவற்றதாயிற்றோ, அஃது இக்கணக்கினால் மட்டும் விளங்காது. ஆனால் வாயில் ஒன்று உண்டு, அது திறந்து மூடும் இயல்பினது என்பது விளங்கும்.

நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் பெண்ணை விளைநிலத்திற்கும் ஆணை வித்திற்கும் உவமிக்கும் வழக்கு மிகப் பழமையது. இவ்வுவமையே பெருந்தீங்கு விளைத்ததென்று யாம் துணிந்து சொல்லுவோம். வித்து முளையாவிடின் நிலம் களர் என்பது உழவர் வாய்மொழி. எனவே கரு நில்லாவிடின் பெண் களராகின்றாள். ஆனால் நிலம் தன்மேல் விழும் வித்தை ஆராய்வதில்லை. பதரையும் மணியையும் ஒருங்கே தாங்கும். கருப்பையின் உட்படலமோ ஆராய்கின்றது. எனவே உவமை முதலிலேயே பொருந்தாதாயிற்று.

இது வெறுங்கற்பனையன்று. 2012-இல் நெதர்லாந்து நாட்டின் உட்ரெக்ட் நகரத்து ஆராய்ச்சியாளர், இயல்பாக மகப்பெற்ற ஆறு பெண்டிரிடமிருந்தும், மீண்டும் மீண்டும் கருவிழந்த ஆறு பெண்டிரிடமிருந்தும் உட்படலத்தின் உயிரணுக்களைப் பெற்று, ஆய்வுக்கூடத்தில் மனிதக் கருக்களின் அருகில் அவற்றை வைத்து நோக்கினர். முன்னவரின் உயிரணுக்கள் நல்ல கருவை நோக்கி நகர்ந்தன. பழுதுற்ற கருவின் அருகே நகராது நின்றன. பின்னவரின் உயிரணுக்களோ நல்லதையும் பழுதுற்றதையும் ஒன்றுபோலவே நோக்கி நகர்ந்தன. அஃதாவது இவர்தம் கருப்பை கருவை மறுக்கவில்லை, வந்ததையெல்லாம் வரவேற்றது. வேறிடத்தாயின் பதியாமலே, எவரும் அறியாமலே மாதவிடாயோடு கழிந்திருக்கக் கூடிய பழுதுற்ற கரு, இங்குப் பதிந்து, நம்பிக்கையையும் வளர்த்து, பின்னர் அழிகின்றது. இத்தகைய பெண்டிருட் பலர் விரைவிற் கருவுறுகின்றனர் என்பதும் இதனோடு இயையும். பொற்கொல்லன் கையிலுள்ள உரைகல் தேய்ந்து வழுவழுப்பாயின் பித்தளையும் பொன்னும் வேறுபடாமையை ஒப்பது இது. 'இவள் வயிறு ஏற்றுக்கொள்ளவில்லை' என்று உலகம் பழிக்கும் இடத்தில், வயிறு அளவிறந்து ஏற்றுக்கொண்டது என்பதே உண்மையாயின், அப்பழிச்சொல்லின் நிலை யாது?

பன்னிருவரைக் கொண்ட ஆய்வு சிறியதே. அதன்மேல் மாளிகை எழுப்புதல் ஆகாது. எனினும் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் வாரிக் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யான் பிரோசன்ஸ், ஷிவோன் குவென்பி முதலியோர் பல்லாண்டுகளாகச் செய்துவரும் ஆராய்ச்சிகள் அப்பொருளையே வேறு வழியில் நிறுவ முயல்கின்றன. 2016-இல் அவர்கள் 183 பெண்டிரின் உட்படலத் துணுக்குகளை ஆராய்ந்து, மீண்டும் மீண்டும் கருவிழந்தவரிடத்து ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்கள் குறைந்திருத்தலைக் கண்டனர். மாதந்தோறும் தழைத்து உதிர்ந்து மீண்டும் தளிர்க்க வேண்டிய படலத்திற்குக் குருத்தணுக்களே முதல். முதல் குறைந்தால் உயிரணுக்கள் விரைந்து மூப்படைகின்றன. மூப்புற்ற உயிரணுக்கள் சிறிதளவு இருத்தல் நன்றே. கரு உள்ளே புகும்போது படலம் இளகி இடம் தருதற்கு அவை உதவும் என்பர். ஆனால் அவை மிகாமல், கொல்லணுக்கள் என்று பெயர்பெற்ற வேறுவகை உயிரணுக்கள் அவற்றைத் தேடி அகற்றுகின்றன. இதனை அவர்களே 2017-இல் விளக்கினர். (கொல்லணு என்னும் பெயரைக் கேட்டவுடன் அது கருவைக் கொல்வதென்று அஞ்சுவோர் மிகப் பலர். பெயரிட்டவர் சற்று எண்ணிப் பெயரிட்டிருக்கலாம்.) குருத்தணு குறைந்து மூப்பணு மிகுந்தவழிப் படலம் கருவைத் தாங்கும் உறுதியை இழக்கின்றது. இவ்வாறு நோக்கின், பழுதற்ற கருவும் சில வேளை அழிவதேன் என்பது ஒருவாறு விளங்கும்.

2025-இல் அக்குழுவினர் 1300-க்கு மேற்பட்ட பெண்டிரிடம் பெற்ற ஏறத்தாழ 1500 துணுக்குகளைக் கொண்டு மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். முன்னைய இழப்புகளின் எண்ணிக்கை கூடுந்தோறும், படலத்தின் மாற்றம் இயல்பு திரிந்து காணப்படும் வீதமும் கூடியது. ஒரே பெண்ணிடத்து அத்திரிபு வெவ்வேறு மாதங்களில் மீண்டும் தோன்றுவதும் தற்செயலின் அளவை விஞ்சியிருந்தது. இஃது எமக்கு இவ்வாராய்ச்சிகளுள் மிக முதன்மையானதாகத் தோன்றுகின்றது. 'முன்னையது தற்செயல், அடுத்த முறை எல்லாம் நன்றாகும்' என்று கூறி அனுப்பப்பட்ட பெண்டிருட் சிலர்க்கேனும் அது தற்செயலன்று என்பதும், கருவுறுமுன்னரே காணத்தக்க ஒரு காரணம் உண்டு என்பதும் இதனாற் பெறப்படுகின்றன.

அற்றேல் மருந்து யாது? இவ்விடத்தில் யாம் மிக எச்சரிக்கையோடு பேச விரும்புகின்றோம். ஏனெனில் துயருற்றோரிடம் நம்பிக்கையை விற்பது எளிது. உட்படலத்தை ஆயத்தம் செய்யும் ஹார்மோன் புரொஜெஸ்டிரோன் ஆதலின், அதனையே மருந்தாகக் கொடுத்தால் இழப்பு நீங்கும் என்று நெடுங்காலமாக மருத்துவர் பலர் நம்பினர். 2015-இல் பர்மிங்காம் நகரத்து அறி குமாரசாமி என்னும் மருத்துவப் பேராசிரியரும் பிறரும், காரணம் தெரியாது மீண்டும் மீண்டும் கருவிழந்த 836 பெண்டிரை இரு பிரிவாக்கிச் சோதித்தனர். மருந்து பெற்றவரில் நூற்றுக்கு 65.8 பேரும், மருந்து போன்ற வெற்றுப் பொருள் பெற்றவரில் 63.3 பேரும் உயிருள்ள மகவைப் பெற்றனர். வேற்றுமை இல்லையென்றே கொள்ளவேண்டும். 2019-இல் 4153 பெண்டிரிடத்து நடந்த இரண்டாம் சோதனை, கருவுற்ற தொடக்கத்திற் குருதிப்போக்குக் கண்டவரைப் பற்றியது. மொத்தத்தில் 75-க்கு எதிர் 72 என்னும் சிறு வேற்றுமையே கிடைத்தது. ஆனால் முன்னர் மூன்றோ மேலோ இழந்திருந்தவரில் மருந்து பெற்றோர் நூற்றுக்கு 72 பேரும், பெறாதார் 57 பேரும் மகப்பெற்றனர். எனவே 2021 முதல் இங்கிலாந்தின் அரசு வழிகாட்டி, முன்னர் இழந்தும் இப்போது குருதிப்போக்குக் கண்டும் உள்ள பெண்டிர்க்கு அம்மருந்தைப் பரிந்துரைக்கின்றது. எல்லார்க்கும் அன்று.

முதற்சோதனையில் ஓர் எண்ணை யாம் பலமுறை திரும்பப் படித்தோம். வெற்றுப் பொருள் பெற்றவரில் நூற்றுக்கு 63 பேர். மூன்றும் நான்கும் இழந்து, பயனுள்ள மருந்து ஏதும் பெறாதிருந்தும், ஏறத்தாழ மூவரில் இருவர் அடுத்த முறை மகவை ஏந்தினர். இதில் ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. ஆறுதல் வெளிப்படை. எச்சரிக்கையாவது: எவர் எதைக் கொடுத்தாலும் மூவரில் இருவர்க்குப் பலித்ததாகவே தோன்றும். தாயத்துக் கட்டியவரும், எண்ணெய் ஓதித் தந்தவரும், விலையுயர்ந்த ஊசிகளை வரிசையாக எழுதித் தந்தவரும் அந்த இருவரைத் தம் கணக்கிற் சேர்த்துக்கொள்வர். மூன்றாமவள் மட்டும் தன் வயிற்றையே நொந்துகொள்வாள். இருபிரிவாக்கிச் சோதிக்கும் முறை எவ்வளவு பெரிய அறச்செயல் என்பது அவளை எண்ணிப் பார்த்தபோதே எமக்கு விளங்கியது.

நீரிழிவு நோயாளர் உட்கொள்ளும் சிட்டாகிளிப்டின் என்னும் மருந்து, குருத்தணுக்களை உட்படலத்திற்கு மிகுதியாக வரச்செய்யும் என்று எண்ணி, கவென்ட்ரிக் குழுவினர் 38 பெண்டிரிடத்து மூன்று திங்கள் சோதித்து 2020-இல் வெளியிட்டனர். குருத்தணுக்கள் பெருகின. மகப்பேறு பெருகுமோ என்பதை 38 பேர் கொண்ட சோதனை சொல்ல இயலாது; சொல்லும்படி அஃது அமைக்கப்படவுமில்லை. செய்தித்தாளில் இதனைப் படித்தவுடன் மருந்துக்கடைக்கு ஓடுதல் பேதைமை. நன்றாகத் தோன்றிய கருத்து சோதனையில் வீழ்வதும் உண்டு. குழாய்வழிக் கருவூட்டலுக்கு முன் உட்படலத்தைச் சிறிது கீறிவிட்டாற் கரு நன்கு பதியும் என்று பல நாடுகளிற் கட்டணம் பெற்றுச் செய்துவந்தனர். 2019-இல் 1364 பெண்டிரைக் கொண்ட சோதனை, கீறினும் கீறாவிடினும் பயன் ஒன்றே என்று காட்டிற்று.

இனி எம் முடிவான கருத்திற்கு வருவோம். மூன்று முறை இழந்தாலன்றிக் காரணம் ஆராயத் தொடங்குவதில்லை என்னும் வழக்கம் இங்கிலாந்தில் நெடுங்காலம் நிலவியது. ஐரோப்பிய மருத்துவர் கழகம் 2017-இல் இரண்டே போதும் என்றது. இங்கிலாந்தின் மகப்பேற்று மருத்துவர் கல்லூரி 2023-இல், மூன்று என்னும் எண்ணை வைத்துக்கொண்டே, அவை தொடர்ச்சியாக நிகழ்ந்திருக்க வேண்டுவதில்லை என்று தளர்த்தியது. மூன்று என்பது எங்கிருந்து வந்தது? இயற்கை அவ்வெண்ணை வகுக்கவில்லை. இரண்டாம் இழப்பிற்குப் பின் பெரும்பாலார் தாமே மகப்பெறுவர். அவரையெல்லாம் சோதித்தல் வீண் செலவும் வீண் அச்சமும் தரும் என்று இதற்குச் சமாதானம் கூறுவர். அதில் உண்மை இல்லாமலில்லை. மேலே சொன்ன எண்களே அதற்குச் சான்று. ஆயினும் இச்சமாதானம் ஒன்றை மறக்கின்றது. மூன்றாம் இழப்பு வரும்வரை காத்திரு என்பது, மருத்துவமனைக் குறிப்பேட்டில் ஒரு வரி. வீட்டிலோ அது மாமியார், நாத்தனார், அண்டை வீட்டார் ஆகியோர் தீர்ப்புக் கூறுதற்கு விடப்பட்ட காலம். மருத்துவர் சொல்லாது விட்ட காரணத்தைத் தெரு சொல்லிவிடும். சில இல்லங்களில் இரண்டாம் திருமணப் பேச்சு எழுவதும் அக்காலத்திலேயாம். கணவனின் விந்தணுவிலும் மரபுப்பொருள் சிதைந்திருக்கக் கூடும் என்பது அப்பேச்சிடையே ஒருவர் நினைவிற்கும் வருவதில்லை. 'ஆண்டவர் சித்தம்' என்று சொல்லித் தேற்ற வருவோரிடமும் எமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அச்சொல் அழுகிற பெண்ணுக்கு ஆறுதலாகுமாயின் சொல்லுக. காரணம் தேடுவாரைத் தடுக்கும் தாழ்ப்பாளாகுமாயின் சொல்லற்க.

லான்செட் கட்டுரையாளர் வகுத்த படிமுறை எமக்கு நடுவுநிலையாகத் தோன்றுகின்றது. முதல் இழப்பிற்குப் பின்: நிகழ்ந்தது யாது, அவள் பிழையன்று, அடுத்து உடல்நலம் பேணுவது எவ்வாறு என்று அமர்ந்து விளக்குதல். இரண்டாவதன் பின்: குருதிச் சோதனை, தைராய்டுச் சோதனை, அடுத்த கருவுறுதலின் தொடக்கத்தில் மேற்பார்வை. மூன்றாவதன் பின்: முழு ஆராய்ச்சி. முதற்படிக்கு வேண்டுவது ஒரு நாற்காலியும், சொல்லத் தெரிந்த ஒரு செவிலியும், அரைமணி நேரமுமே. உட்படலத்தைத் துணுக்கெடுத்து ஆராயும் கூடம் நம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு வருதற்கு ஆண்டுகள் பல ஆகலாம். அந்த அரைமணிக்குக் கவென்ட்ரி நகரத்து நுண்கருவிகள் எவையும் வேண்டியதில்லை. நாளைக் காலையிலேயே அதனைத் தொடங்கலாம். அவ்வேளையில் கணவனையும் மாமியாரையும் உள்ளே அழைத்து உட்காரவைத்துக்கொண்டே அச்செவிலி சொல்வாளாக: 'கலைந்தது' என்று.